'இன்னைக்கு அவரைக் காணோமே..!' - தோளோடு தோள் நிற்கும் ஜமாஅத் தொழுகை

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணி. வேங்கிக்காலில் வேலூர் சாலை வழக்கமான பரபரப்பில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்குச் சான்றிதழ் வேலையாக வந்தவர்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறார்கள். டீக்கடையில் வடை தீரும் நேரம். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து சிலர் மட்டும் கழன்றுகொள்கிறார்கள். ஒருவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, பக்கத்துக் கடைக்காரரிடம் "பார்த்துக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். இன்னொருவர் பைக்கை ஸ்டார்ட் செய்யும் முன், தொப்பி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது.

பக்கத்து மேசை நண்பர் எப்போதாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடவுள் எங்கேயும் இருக்கார்தானே... இந்த வெயில்ல பள்ளிவாசல் வரைக்கும் போகணுமா? இங்கேயே ஒரு ஓரமா தொழுதுட்டா ஆகாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால், அதைத் திருவண்ணாமலைக்காரர்கள் கேட்கும்போது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வருடம் முழுக்கத் திறந்தேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத பாதையில் நிம்மதியாகச் சுற்றி வந்துவிடலாம். அப்படியிருந்தும் பௌர்ணமி இரவில்தானே லட்சக்கணக்கானவர்கள் வந்து, ஒருவர் மீது ஒருவர் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள்? தனியாக நடப்பது வேறு, கூட நடப்பது வேறு என்பது இந்த ஊருக்குத் தெரியாத விஷயமில்லை.

இஸ்லாத்தில் அந்த 'கூட' என்ற சொல்லுக்கு வருடத்துக்கு ஒரு நாளோ, மாதத்துக்கு ஒரு நாளோ இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை.

இருபத்தேழு மடங்கு

சுபுஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா. அதிகாலையில் தொடங்கி இரவு வரை ஐந்து வேளைத் தொழுகை ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை. இதைத் தனியாகவும் தொழலாம். ஒருவர் இமாமாக முன்னால் நிற்க, மற்றவர்கள் பின்னால் வரிசையாக நின்றும் தொழலாம். இரண்டாவதுதான் ஜமாஅத் தொழுகை. தனியாகத் தொழுவதைவிட ஜமாஅத்தாகத் தொழுவது இருபத்தேழு மடங்கு சிறந்தது என்று நபிகள் நாயகம் சொன்னதாக இப்னு உமர் அறிவிக்கிறார். இருபத்தைந்து மடங்கு என்றும் இன்னோர் அறிவிப்பு உண்டு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் மார்க்கக் கல்வியைத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் கணக்குகளில் இதுவும் ஒன்று.

ஜமாஅத்துக்குப் பெரிய கூட்டம் வேண்டும் என்பதில்லை. இரண்டு பேர் போதும். ஒருவர் இமாம், அவருக்கு வலப்பக்கத்தில் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால் பின்னால் ஒரு வரிசை உருவாகிவிடும். நெடுஞ்சாலை ஓரங்களில், ரயில் நிலையப் பிளாட்பாரங்களில், மொபைல் கடையின் பின்னறையில் இரண்டு பேர் இப்படி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் முழு ஜமாஅத்தான்.

ஜும்ஆவுக்கு மட்டும் எண்ணிக்கை கூடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அங்கே ஜும்ஆவுக்குக் குறைந்தது நாற்பது பேர் வேண்டும் என்பது சட்டம். வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலை என்று உள்நாட்டுக்கு வந்தால் ஹனஃபி மத்ஹப்காரர்கள் அதிகம். அவர்களுக்கு இமாமைத் தவிர மூன்று பேர் இருந்தாலே ஜும்ஆ நிறைவேறிவிடும். ஐவேளை ஜமாஅத் எந்த அளவுக்குக் கட்டாயம் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பார்கள் சிலர்; ஊருக்கே பொதுவான கடமை, சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் மீதிருந்து நீங்கிவிடும் என்பார்கள் சிலர்; ஒவ்வோர் ஆணுக்கும் தனித்தனியாகக் கடமை என்பார்கள் ஹன்பலி அறிஞர்கள். விட்டுவிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று.

எவ்வளவு தூரம் விடக்கூடாது என்பதற்குக் குர்ஆனின் நான்காவது அத்தியாயமான அன்னிஸாவின் 102-வது வசனத்தைக் காட்டுவார்கள். எதிரி தாக்கக்கூடிய போர்க்களத்தில் எப்படித் தொழுவது என்று சொல்லும் வசனம் அது. படையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதி ஆயுதத்தோடு இமாமின் பின்னால் நிற்கும்போது, இன்னொரு பாதி காவல் காக்கும். பிறகு இடம் மாற வேண்டும். ஆளாளுக்குத் தனியாகத் தொழுதுகொள்ளுங்கள் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கண் தெரியாதவரும் கழனிக்காரரும்

ஜமாஅத்தைப் பற்றிப் பேசும் எந்த ஆலிமும் சொல்லாமல் விடாத சம்பவம் ஒன்று. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்ற நபித்தோழருக்குக் கண் பார்வை கிடையாது. பள்ளிவாசலுக்குக் கைபிடித்து அழைத்துவரத் தனக்கு ஆள் இல்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமா என்று கேட்டார். நபிகள் நாயகம் முதலில் சரி என்றார். அவர் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டு, பாங்கு சத்தம் உனக்குக் கேட்கிறதா என்று விசாரித்தார். கேட்கிறது என்றார் அவர். அப்படியென்றால் வந்துவிடு என்றார் நபிகள் நாயகம்.

முதல் வாசிப்பில் இது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரியும். பார்வையற்ற ஒருவருக்குக்கூட விலக்கு இல்லையா? ஆனால், பிற்பாடு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே உம்மி மக்தூமின் மகன், மதீனா பள்ளிவாசலில் பிலாலோடு சேர்ந்து பாங்கு சொல்பவராக இருந்தார். ரமலானில் சஹர் நேரம் முடிந்து நோன்பு தொடங்குவதை ஊர் தெரிந்துகொண்டது இவருடைய குரலை வைத்துத்தான். விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்ல, அதைக் கேட்டு இவர் பாங்கு சொல்வார். வீட்டிலேயே இருந்துகொள் என்று அன்றைக்கு விட்டிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். பிலால் யார் என்பது தெரிந்ததுதான். ஒரு காலத்தில் மக்காவில் அடிமையாக இருந்த கறுப்பர்.

கடுமை இந்தப் பக்கம் என்றால், இரக்கம் அந்தப் பக்கம். முஆத் இப்னு ஜபல் என்ற தோழர் தம் பகுதி மக்களுக்கு இமாமாக நின்று இஷா தொழவைத்தார். குர்ஆனிலேயே மிக நீளமான அல்பகரா அத்தியாயத்தை ஓத ஆரம்பித்துவிட்டார். நாள் முழுக்க ஒட்டகத்தை வைத்துத் தண்ணீர் இறைத்துக் களைத்துப்போன ஒரு கழனிக்காரர் பின்வரிசையில் நின்றிருந்தார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வரிசையிலிருந்து விலகித் தனியாகத் தொழுதுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரை நயவஞ்சகர் என்று பேசினார்கள். விஷயம் நபிகள் நாயகத்திடம் போனது. கழனிக்காரருக்குத்தான் திட்டு விழும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். விழுந்தது இமாமுக்கு! மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டு, சின்ன அத்தியாயங்களின் பெயர்களைச் சொல்லி அவற்றை ஓதச் சொன்னார். உன் பின்னால் முதியவர்களும் பலவீனமானவர்களும் வேலை இருப்பவர்களும் நிற்கிறார்கள் என்பது காரணம்.

தாமே தொழவைக்கும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டால், அந்தத் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். சாப்பாடு பரிமாறிவிட்டால் முதலில் சாப்பிட்டுவிட்டு வரலாம். பச்சைப் பூண்டு, வெங்காயம் தின்றுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. மழை கொட்டும் இரவில் வர வேண்டாம். வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கிலேயே அறிவித்துவிடலாம். இந்தச் சலுகைகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன. வரிசையில் யார் ரொம்ப பலவீனமானவரோ, அவருடைய வேகம்தான் மொத்த வரிசைக்கும் வேகம்.

தனியாகத் தொழுபவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விரும்பிய அளவுக்கு நீட்டிக்கொள்ளலாம். பக்கத்து மனிதருக்கு முட்டி வலி என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

முன்வரிசை யாருக்கு?

பள்ளிவாசலில் டோக்கன் கிடையாது, சிறப்பு தரிசனம் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் வரிசை. அதிகாரி தாமதமாக வந்தால், அவருடைய அலுவலக உதவியாளரின் பாதத்துக்குப் பின்னால்தான் அவர் நெற்றியைத் தரையில் வைக்க வேண்டியிருக்கும். இமாம் "வரிசையை நேராக்குங்கள்" என்று சொன்னதும் குதிகால்கள் ஒரே கோட்டுக்கு வரும். இடையில் சந்து இருந்தால் நகர்ந்து அடைப்பார்கள். தோளில் தோள் படும். 1964-ல் ஹஜ்ஜுக்குப் போன அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், வெள்ளை நிறத்தவர்களோடு ஒரே இடத்தில் நின்று தொழுததைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதினார். இனம் பற்றி அதுவரை தான் பேசிவந்த சிலவற்றை மாற்றிக்கொள்ள வைத்த அனுபவம் அது.

எல்லா இடத்திலும் எல்லாமே அப்படித்தான் நடக்கிறதா என்றால், இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்கு முன்வரிசையில் சொல்லாமலே இடம் விடும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தொழுகையில் விரலை அசைப்பதா, கூடாதா, ரமலான் இரவில் தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்ற சண்டையில் ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்கள் முளைத்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 'ஜமாஅத்' என்ற சொல்லே தமிழில் இன்னொரு பொருளும் கொண்டது. நிக்காஹ் பதிவேடு, மையவாடி, வீட்டுத் தகராறு எல்லாவற்றையும் கவனிக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் அதே பெயர்தான். அந்த ஜமாஅத்தோடு மனக்கசப்பு வந்து, இந்த ஜமாஅத்தையும் விட்டு ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். கூடி நிற்பதைக் கற்றுக்கொடுக்கும் இடத்திலேயே பிரிந்து நிற்பதும் நடக்கிறது என்பதை ஆலிம்களே மிம்பரில் வருத்தத்தோடு பேசுவதைக் கேட்கலாம்.

அந்த ரமலான்

ஒன்றின் அருமை அது இல்லாமல் போகும்போது தெரியும் என்பார்கள். 2020-ல் அது உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடந்தது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கிருமிநாசினி தெளிப்பதற்காக மக்காவில் கஅபாவைச் சுற்றியிருக்கும் தளம் காலியாக்கப்பட்ட படத்தைப் பலரும் வாட்ஸ்அப்பில் பார்த்து, உண்மையா என்று கேட்டுக்கொண்டார்கள். சில நாள்களில் குவைத்தில், மழை இரவுக்கான அந்தப் பழைய வாசகம் பாங்கில் ஒலித்தது. உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள். பாங்கு சொன்னவரின் குரல் தழுதழுத்த வீடியோ தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மார்ச் 24 மாலை முதல் தமிழ்நாட்டில் ஊரடங்கு. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் மூடப்பட்டன. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்கும் மாதக்கணக்கில் தடை.

ஏப்ரல் 25-ம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. பாங்கு மட்டும் வழக்கம்போல ஒலித்தது. மோதினாரும் இமாமும் இன்னும் ஓரிருவரும் உள்ளே தொழுதார்கள். பாங்கு கேட்டும் போக முடியாது என்பதைப் பெரியவர்களால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. நாற்பது, ஐம்பது வருடங்களாக ஒரு தராவீஹ்கூட விடாதவர்கள் அவர்கள். உம்மி மக்தூமின் மகனுக்கே கிடைக்காத விலக்கு, இப்போது வேண்டாம் என்றாலும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

நோன்புக் கஞ்சியும் அந்த வருடம் பாதை மாறியது. சாதாரண ரமலானில் அஸர் நேரத்திலேயே பள்ளிவாசல் முற்றத்தில் அண்டா ஏறிவிடும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி-பூண்டு, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். நோன்பு திறக்க உள்ளே உட்கார்பவர்கள் ஒரு பக்கம் என்றால், தூக்குவாளியோடு வெளியே நிற்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அந்த வாளிகளில் பாதி, முஸ்லிம் அல்லாத பக்கத்து வீடுகளுக்கும் போகும். இதற்காகத் தமிழக அரசு 2001-ம் ஆண்டிலிருந்து பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. 2020-ல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. கஞ்சி காய்ச்சக் கூடாது என்பதால், அரிசியாகவே பொட்டலம் கட்டித் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பசி தீர்ந்திருக்கும். ஆனால், ஒரே விரிப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மஃரிப் பாங்குக்காகப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிட மௌனத்தைப் பொட்டலத்தில் கட்டித் தர முடியாதே!

வேறொரு வலியும் அந்தக் காலத்தில் சேர்ந்துகொண்டது. டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் கூட்டத்தை முன்வைத்து, முஸ்லிம்கள் கூடுவதே குற்றம் என்பதுபோலப் பேச்சு பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாம்பே உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அதில் கலந்துகொண்ட வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கூறியது. தீர்ப்பு வருவதற்குள் பல சிற்றூர்களில் தொப்பி போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவதற்கே தயங்கிய நாள்கள் கடந்துபோயிருந்தன.

மே 25-ல் பெருநாள். ஈத்கா திடல்கள் வெறுமையாகக் கிடந்தன. வீட்டு மொட்டை மாடிகளில் அப்பா இமாமாக நிற்க, குடும்பமே வரிசையானது.

கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடம் கிடையாது. ஜமாஅத் என்பதே ஆண்கள் சமாச்சாரம் என்று பழகிய வீடுகளில், அந்த ரமலானில்தான் அம்மாவும் மகளும் முதன்முறையாக ஓர் இமாமின் பின்னால் முப்பது நாளும் தராவீஹ் தொழுதார்கள். அந்த இமாம் தன் மகனாகவோ, தம்பியாகவோ இருந்தது இன்னொரு சந்தோஷம்.

அம்மாவின் இடம்

பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகலாமா? அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்ற நபிமொழி இருக்கிறது. பெண்களுக்கு வீடு சிறந்தது என்ற அறிவிப்பும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது. குழந்தை அழுதால் தொழுகையைச் சுருக்கிய அந்தச் சம்பவத்தை மறுபடி யோசித்துப் பாருங்கள். தாய்மார்கள் வரிசையில் இல்லாமல் அது நடந்திருக்காது.

புனேயைச் சேர்ந்த ஒரு தம்பதி, பள்ளிவாசலில் பெண்களைத் தொழ அனுமதிக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் 2020 ஜனவரியில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், பெண்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழ மார்க்கத்தில் தடையில்லை, ஆனால், ஜமாஅத்தில் சேர்வது அவர்களுக்குக் கட்டாயமில்லை என்று சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே வேறு வழிகள் தேடப்பட்டிருக்கின்றன. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. பெண்கள் அங்கே கூடி ஓதுகிறார்கள், தொழுகிறார்கள். புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' அமைப்பை நடத்திய ஷரீஃபா கானம், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தையே உருவாக்கினார். தலாக், வரதட்சணைப் பஞ்சாயத்துகளில் பெண்ணின் தரப்பைக் கேட்க ஆளில்லை, பெண்ணுக்கு அந்த இடத்துக்குள் நுழையவே வழியில்லை என்பதுதான் அவருடைய கோபம். தொழும் இடத்தில் இல்லாதவர், பேசும் இடத்திலும் இல்லாமல் போகிறார். ஜமாஅத்தின் மதிப்பைப் பேசுபவர்கள் கூடவே பேச வேண்டிய விஷயம் இது. சமீப காலமாகப் புதிதாகக் கட்டும் பள்ளிவாசல்கள் சிலவற்றில் பெண்களுக்குத் தனிப் படிக்கட்டும் தனித் தளமும் ஒளுச் செய்யும் இடமும் சேர்த்தே கட்டப்படுகின்றன.

பெருக்கிய கை

தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1-ல்தான் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. பள்ளிவாசல்களில் பாய், கம்பளம் எல்லாம் சுருட்டப்பட்டிருந்தன. ஆளுக்கொரு முசல்லா வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தரையில் இடைவெளி விட்டு அடையாளம் ஒட்டியிருந்தார்கள். சந்தை அடைத்து நில்லுங்கள் என்று காலமெல்லாம் சொன்ன இமாம், தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை.

அந்த இடைவெளிகளைவிட முன்வரிசையின் வேறு சில இடைவெளிகள்தான் பலரை உலுக்கின. தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தொழும் பாய் வரவில்லை. சுபுஹுக்கு மோதினாருக்கு முன்பே வந்து கதவருகில் நிற்பவர் வரவில்லை. சிலர் பயத்தில் வரவில்லை. சிலர் இனி வரவே மாட்டார்கள் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஊரடங்கில் ஜனாஸா தொழுகைக்கே இருபது பேருக்கு மேல் கூட முடியாது என்பதால், தெருவில் ஒருவர் இறந்ததே தெரியாமல் போன சமயம் அது. அடுத்த ஆண்டு இரண்டாவது அலையில் 2021 ஏப்ரல் 26-ல் மறுபடி மூடி, ஜூலை 5-ல் திறந்தபோது அந்தக் காலியிடங்கள் இன்னும் கூடியிருந்தன.

மதீனாவில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்வது அவர் வேலை. ஆணா, பெண்ணா என்பதில்கூட அறிவிப்பாளருக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த அளவுக்கு ஊர் கவனிக்காத ஆள். ஒருநாள் நபிகள் நாயகம் அவரைக் காணோமே என்று விசாரித்தார். இறந்துவிட்டார், அடக்கமும் செய்துவிட்டோம் என்றார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய பெரிய விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கேயே போய் நின்று அவருக்காகத் தொழுதார்.

ஒருவர் இல்லை என்பது ஒரே நாளில் தெரியவருவது இன்றைக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் ஓர் அறிக்கையில் சொன்னது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் அத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சுபுஹுக்கு வரவில்லை என்றால் லுஹருக்குள் யாராவது ஒருவர் "இன்னைக்கு அவரைக் காணோமே" என்பார். அஸர் முடிந்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பெரும்பாலும் காய்ச்சலாக இருக்கும். சில சமயம் வெறும் கோபமாக இருக்கும், நேற்று யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்; ஆள் வந்து கேட்பது.

வாசலில் நிற்பவர்கள்

வரிசை உள்ளே நின்று தொழுபவர்களோடு முடிந்துவிடுவதில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஆற்காடு நவாப் குடும்பத்தால் 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். எழுதியவர் மக்கன் லால் கிராத் என்ற இந்து. அதே பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க நோன்பு திறப்பவர்களுக்கு உணவு பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் 'சூஃபிதார்' அமைப்பின் தன்னார்வலர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பழக்கம் தொடர்கிறது.

திருவண்ணாமலை 1989-ல் தனி மாவட்டம் ஆகும் வரை வட ஆற்காடாகத்தான் இருந்தது. நவாபுகளின் ஆற்காடுதான் அந்தப் பெயரின் வேர். வேங்கிக்காலில் இன்றைக்கும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போகும் கடைக்காரருக்குப் பக்கத்துக் கடை அண்ணன்தான் காவல். அவர் இருக்கும் தைரியத்தில்தான் இவர் ஜமாஅத்துக்குப் போகிறார். வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஜும்ஆவுக்கு அழைக்கும் குர்ஆன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று பிழைப்பைத் தேடுங்கள் என்றும் அடுத்த வசனத்திலேயே சொல்கிறது. வெள்ளிக்கிழமை என்பதற்காக நாள் முழுக்கக் கடையை மூடத் தேவையில்லை.

ஒன்றரை மணிக்கு மேல் ஜமாஅத் முடியும். இமாம் வலப்பக்கம் திரும்பி ஒரு சலாம், இடப்பக்கம் திரும்பி ஒரு சலாம். பின்னால் எல்லா முகங்களும் அதேபோல் திரும்பும். சிக்னலில் மாட்டியவர்கள், கடைசி நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டதால் தாமதமானவர்கள் பாதியில் வந்து சேர்ந்திருப்பார்கள். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், நிதானமாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதை நிறைவு செய்யுங்கள் என்பது அவர்களுக்கான விதி. மற்றவர்கள் சலாம் கொடுத்து முடித்த பிறகு, அவர்கள் மட்டும் எழுந்து நின்று விட்டுப்போன ரக்அத்தைத் தொழுவார்கள். அவர்களுக்குக் குறுக்கே நடக்கக் கூடாது என்பதால், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டவர்களும் அவர்கள் முடிக்கும் வரை அப்படியே ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.